தனியா செஞ்சாருன்னு யாருமே நம்பாத தச்சர்: கியோர்க் எல்சர் வழக்கு

மியூனிக் போலீஸ் விசாரணையில அந்த ஆளோட முழங்காலைக் காட்டச் சொன்னாங்க. ரெண்டு முட்டியும் வீங்கி, தோல் உரிஞ்சு, புண்ணு வெச்சு சீழ் புடிச்சுப் போய் இருந்துச்சு. ஹிட்லர் பேசின ஹால்ல குண்டு இருந்த பொந்து ஒரு தூண்ல தரை மட்டத்துல இருந்ததால, வெச்சவன் பல ராத்திரி முட்டி போட்டுத்தான் வேலை பார்த்திருக்கணும்னு அவங்க ஏற்கனவே கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. 1939 நவம்பர் 13 ராத்திரி, விடிஞ்சு 14 ஆகுறதுக்குள்ள அவர் ஒத்துக்கிட்டாரு. பேர் கியோர்க் எல்சர், வயசு 36, தச்சு வேலை. ஹிட்லரைக் கொல்ல நானேதான் யோசிச்சேன், நானேதான் செஞ்சேன், கூட யாரும் இல்லன்னு சொன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 30 வருஷம் அந்தக் கடைசி பாகத்தை எதிரியும் நம்பலை, நாஜிக்கு எதிரா நின்ன நல்லவங்களும் நம்பலை. குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பி ஹிட்லர் தப்பிச்ச அந்த 13 நிமிஷத்தைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. ஆனா இந்தக் கேஸ்ல என்னை விடாம உறுத்துறது அந்த நம்பாமைதான், அதனால இதை முழுசா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

யார் இந்த ஆளு

தெற்கு ஜெர்மனியில வூர்ட்டெம்பெர்க் பக்கம் ஹெர்மரிங்கன்னு ஒரு கிராமம், அங்க 1903 ஜனவரி 4-ல பொறந்தாரு, வளர்ந்ததெல்லாம் கோனிக்ஸ்ப்ரான். அப்பா மர வியாபாரி, குடிகாரர். வீட்டுல மூத்த புள்ள இவர்தான், சின்ன வயசுலேர்ந்தே உழைப்பு. முதல்ல இரும்பு ஆலையில கடைசல் வேலை கத்துக்கப் போனாரு, உடம்புக்கு ஒத்துக்கலை, அங்கேர்ந்து தச்சு வேலைக்கு வந்தாரு, 1922-ல தொழில் பரீட்சையில முதல் ஆளா பாஸ் பண்ணாரு. அப்புறம் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் பல வருஷம். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன்ல டோர்னியர் விமானக் கம்பெனியில மரத்துல ப்ரொபெல்லர் செஞ்சாரு, கான்ஸ்டன்ஸ்ல கடிகார ஃபேக்டரியில கடிகாரப் பெட்டி செஞ்சாரு, அங்கதான் கடிகாரத்தோட உள் சங்கதியும் கைக்கு வந்துச்சு. ஸிதர்ங்கற தந்தி வாத்தியத்தை நல்லா வாசிப்பாரு, ஊர்ல பாட்டு கோஷ்டியில இருந்தாரு. அதிகம் பேச மாட்டாரு, ஆனா செய்யற வேலையில ஒரு மயிரிழை கோணலா இருந்தாலும் விட மாட்டாரு, சுமாரா செஞ்சு குடுக்கறது அவருக்குப் புடிக்காது.

அரசியல்னு பெருசா ஒண்ணும் கிடையாது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஓட்டுப் போட்டாரு, அவங்களோட ஒரு அமைப்புல பேருக்கு மெம்பரா இருந்தாரு, மீட்டிங் போனதே அபூர்வம். கடவுள் நம்பிக்கை உண்டு, ப்ராட்டஸ்டன்ட் குடும்பம். 1933-ல நாஜிங்க ஆட்சியைப் புடிச்சதும் ரெண்டு விஷயத்துல பிடிவாதமா இருந்தாரு: கையைத் தூக்கி ஹிட்லர் சல்யூட் அடிக்க மாட்டாரு, ரேடியோவுல ஹிட்லர் பேச்சு வந்தா எழுந்து வெளிய போயிடுவாரு. இன்னைக்குப் படிக்கறப்போ சாதாரணமா தெரியலாம், ஆனா அக்கம்பக்கத்துல ஒருத்தன் போட்டுக் குடுத்தா போதும், நேரா வதை முகாம், அதாவது கேம்ப்தான்ங்கற காலத்துல ஒரு கூலி வேலைக்காரன் வருஷக்கணக்கா இப்படி இருக்கறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்னு நினைச்சுப் பாருங்க.

ஏன் செஞ்சீங்கன்னு பின்னாடி நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாப்போ கேட்டப்போ அவர் தத்துவமெல்லாம் பேசலை. 1929-ல ஒரு தச்சருக்கு மணிக்கு 1 மார்க் கூலி, இப்போ 68 ஃபென்னிக்தான் (100 ஃபென்னிக் ஒரு மார்க்)னு ஆரம்பிச்சாரு. தொழிலாளி இஷ்டப்பட்ட இடத்துக்கு வேலை மாறிப் போக முடியலை, பெத்த புள்ளைங்களே கட்சியோட இளைஞர் படைக்குத்தான் சொந்தம், பெத்தவங்களுக்குச் சொந்தமில்லன்னு ஆயிருச்சு, சர்ச்சுக்கும் சுதந்திரம் இல்லன்னு வரிசையா சொன்னாரு. அடுத்து முக்கியமான காரணத்துக்கு வந்தாரு, யுத்தம். 1938 செப்டம்பர் கடைசியில மியூனிக் ஒப்பந்தம், பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாகியாவோட ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் குடுத்துட்டு அமைதி வந்தாச்சுன்னு சொன்ன நேரம், ஐரோப்பா முழுக்க ஜனங்க அப்பாடான்னு இருந்தாங்க. எல்சர் அப்போ ஹைடன்ஹைம்ல ஒரு ஃபேக்டரியில வேலை, அங்க ஆயுத ஆர்டர் குவியறதை தினமும் கண்ணால பார்க்கிறாரு. இது இதோட நிக்காது, இன்னும் பல நாட்டைக் கேப்பாங்க, பெரிய சண்டை வந்தே தீரும், இப்போ மேல இருக்கற தலைங்களை அகற்றினாத்தான் தடுக்க முடியும்னு அவரா ஒரு முடிவுக்கு வந்தாரு. ஒரு பேப்பர்லயும் இப்படி எழுதலை, அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கவும் இல்லை.

இடத்தைப் புடிச்சது

1923 நவம்பர் 8-ல ஹிட்லர் ஆட்சியைக் கவுக்கப் பார்த்து தோத்தது மியூனிக்ல பியூர்கர்ப்ராய்கெல்லர்ங்கற பெரிய பீர் ஹால்லதான். ஆட்சிக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில அதே ஹால்ல பழைய ஆளுங்க முன்னாடி அவன் பேசுவான். தேதி தெரியும், இடம் தெரியும், நேரமும் ராத்திரி எட்டரையிலேர்ந்து பத்து வரைக்கும்னு ஊருக்கே தெரியும். எல்சர் 1938 நவம்பர் 8 மியூனிக் போனாரு, கூட்டம் முடிஞ்ச பிறகு ஹாலுக்குள்ள நுழைஞ்சு சுத்திப் பார்த்தாரு. யாரும் தடுக்கலை. பேசற மேடைக்குப் பின்னாடி ஒரு தூண், மேல் கேலரியையும் கூரையையும் தாங்குற தூண், அதை மனசுல குறிச்சுக்கிட்டாரு. (மறுநாள் நவம்பர் 9 ஊர்வலத்துல மோரிஸ் பாவோங்கற சுவிஸ் இளைஞர் கைத்துப்பாக்கியோட பார்வையாளர் வரிசையில நின்னுட்டிருந்தாரு, ஹிட்லரைச் சுடறதுக்கு, முன்னாடி இருந்தவங்க எல்லாரும் கையைத் தூக்கினதுல குறி மறைஞ்சு போச்சு. அவர் தலையை 1941 மே மாசம் பெர்லின்ல வெட்டினாங்க. ஒரே ஊர்ல, ஒருத்தரை ஒருத்தர் தெரியாம, ரெண்டு பேர் அதே நினைப்போட நடந்திருக்காங்க.)

அவ்வளவு முக்கியமான கூட்டத்துக்கு பந்தோபஸ்து ஏன் இவ்வளவு ஓட்டையா இருந்துச்சுன்னு கேப்பீங்க. ஹாலுக்கு உள்ள பாதுகாப்பு யாரு பொறுப்புன்னு மியூனிக் போலீசுக்கும் கிறிஸ்டியன் வெபர்ங்கற பழைய கட்சிக்காரனுக்கும் தகராறு, ஹிட்லர் வெபர் பக்கம் சாஞ்சான், போலீஸ் உள்ள தலையிடக் கூடாதுன்னு ஆயிருச்சு. வெபர் அந்த வேலையை ஒழுங்கா பார்க்கலை. விசுவாசம் காட்டினவனுக்குத்தான் பதவி, திறமை யாருக்கு வேணும்ங்கற ஆட்சியில இப்படித்தான் நடக்கும், எல்சருக்கு வழி விட்டதும் அந்த ஓட்டைதான்.

ஃபேக்டரியிலேர்ந்து வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வீட்டுல ஒளிச்சு வெச்சாரு. 1939 வசந்த காலத்துல திரும்ப மியூனிக் போய் தூணை அளந்துட்டு வந்தாரு. ஃபேக்டரி வேலையை விட்டுட்டு ஊர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில கூலிக்குச் சேர்ந்தாரு, அங்கேர்ந்து நூத்துக்கு மேல வெடித் தோட்டா, டெட்டனேட்டர். குவாரியில கல்லு விழுந்து கால் எலும்பு முறிஞ்சு வீட்டுல கிடந்த நாள்லயும் கடிகார அமைப்பைத்தான் வரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. கேட்டவங்களுக்கு ஏதோ புதுசா கண்டுபிடிக்கிறேன்னு பதில். ஆகஸ்ட் ஆரம்பத்துல மொத்தத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு மியூனிக்ல ஒரு வாடகை ரூமுக்கு வந்துட்டாரு.

அந்த ராத்திரிங்க

இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இவரோட தைரியம் எப்படிப்பட்டதுன்னு இங்கதான் புரியும். ராத்திரி ஒன்பது மணி வாக்குல பீர் ஹால்ல போய் சாதாரண கஸ்டமர் மாதிரி சாப்பிடுவாரு. முடிச்சுட்டு யாரும் பார்க்காதப்போ மேல கேலரிக்கு ஏறி, அங்க சாமான் போட்டு வெச்சிருந்த ஒரு அறையில ஒளிஞ்சுக்குவாரு. ஹாலைப் பூட்டிட்டு எல்லாரும் போனதுக்கு அப்புறம் வெளிய வருவாரு. டார்ச் வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு அதுமேல நீலக் கைக்குட்டை. தூணைச் சுத்தி மரப் பலகை அடிச்சிருந்தாங்க. அதுல ஒரு துண்டை அறுத்து, கீல் வெச்சு, மூடினா விளிம்பு கூடத் தெரியாத கதவா மாத்தறதுக்கே மூணு ராத்திரி ஆச்சு. பகல்ல அந்த ஹால்ல எத்தனை பேர் நடமாடினாங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலை.

அதுக்கு உள்ள செங்கல், சிமெண்ட் பூச்சு. கையால சுத்துற டிரில்லும் உளியும்தான் கருவி. காலி ஹால்ல ஒரு சின்னச் சத்தம் கூட பெருசாக் கேட்கும். அங்க கழிப்பறையில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி தானா பாயற ஏற்பாடு இருந்துச்சு, அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் காத்திருந்து, அந்த சில நொடிக்குள்ள ஒரு பெயர்ப்பு, திரும்பக் காத்திருப்பு. விழுந்த செங்கல் தூளை ஒரு துணிப்பையில புடிச்சு, தரையில ஒரு துகள் இல்லாம துடைச்சு, சேர்த்து வெச்சு, பெட்டியில போட்டு பகல்ல எடுத்துட்டுப் போய் இசார் ஆத்துல கொட்டினாரு. ராத்திரி ரெண்டு மூணு மணி வரைக்கும் முட்டி போட்டபடி வேலை, அப்புறம் அதே சாமான் அறையில உக்காந்தபடி ஒரு தூக்கம், காலையில பின் வாசல் வழியா வெளிய. இப்படி 30லேர்ந்து 35 ராத்திரி. நடுவுல செப்டம்பர் 1 ஜெர்மனி போலந்துக்குள்ள புகுந்துருச்சு, அவர் பயந்த யுத்தம் வந்தே வந்துருச்சு, இருந்தும் அவர் நிறுத்தலை.

ஒரு நாள் காலையில மாட்டிக்கவும் மாட்டினாரு. ஹால் ஆளு ஒருத்தர் பார்த்துட்டு மேனேஜர் வரைக்கும் போச்சு. தொடையில கட்டி, அதைப் பிதுக்கிவிட ஒதுக்குப்புறமா இடம் தேடினேன்னு சொல்லிட்டு, தோட்டத்துல போய் உக்காந்து ஒரு காபி ஆர்டர் பண்ணி நிதானமா குடிச்சிட்டுப் போனாரு. திரும்ப அதே இடத்துக்கு வந்து வேலையைத் தொடர்ந்தாரு.

கதவோட உள் பக்கம் தகரம் அடிச்சாரு, யாராவது தட்டிப் பார்த்தா உள்ள பொள்ளல்னு சத்தம் காட்டிக் குடுக்கக் கூடாது, அலங்காரம் பண்றவங்க ஆணி அடிச்சாலும் உள்ள இறங்கக் கூடாதுன்னு. டிக் டிக் வெளிய கேட்காம இருக்க கடிகாரப் பெட்டியைச் சுத்தி கார்க். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடணும்னு ரெண்டு கடிகாரம், ஆறு நாளுக்கு முன்னாடியே நேரம் வெச்சுட்டுப் போகலாம். நவம்பர் 5 ராத்திரி கடிகாரத்தை உள்ள வெச்சு முடுக்கினாரு, வெடிக்க வேண்டிய நேரம் 8-ஆம் தேதி ராத்திரி 9:20.

மறுநாள் ஸ்டட்கார்ட்ல இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போனாரு, தன் சாமானெல்லாம் குடுத்துட்டு, எல்லை தாண்டப் போறேன்னு மட்டும் சொன்னாரு. தங்கச்சி 30 மார்க் குடுத்தாங்க. நேரா சுவிட்சர்லாந்து போயிருக்கலாம், ஆனா கடிகாரம் ஓடுதான்னு சந்தேகம், 7-ஆம் தேதி ராத்திரி திரும்ப மியூனிக் வந்து, ஹாலுக்குள்ள ஏறி, தூண்ல காதை வெச்சுக் கேட்டுட்டுத்தான் கிளம்பினாரு.

நவம்பர் 8

அந்த வருஷம் ஹிட்லருக்கு அவசரம். பிரான்ஸ் பக்கம் எப்போ தாக்கறதுன்னு முடிவு பண்ணணும், அன்னைக்கு ராத்திரியே பெர்லின் திரும்பணும். நவம்பர் மூடுபனியில விமானம் நிச்சயமில்ல, ரயில்தான், அது 9:31-க்கு. அதனால எட்டு மணிக்கே பேச்சை ஆரம்பிச்சு 9:07-க்கு முடிச்சான், உடனே கிளம்பினான், கூடவே கட்சித் தலைங்களும். 9:20-க்கு குண்டு சொன்ன நேரத்துக்கு வெடிச்சுது. தூண் உடைஞ்சு கேலரியும் கூரையும் மேடை இருந்த இடத்துலயே சரிஞ்சுது. அந்த நேரம் ஹால்ல மிச்சம் இருந்தது சுமார் 120 பேர். செத்தது 8 பேர், அடிபட்டது 60-க்கு மேல. செத்தவங்கள்ல 7 பேர் நாஜி கட்சிக்காரங்க. எட்டாவது ஆள் மரியா ஹென்லே, அங்க பரிமாறிட்டு இருந்த பொண்ணு. கூட்டம் கலைஞ்ச பிறகு மேஜையிலேர்ந்து கோப்பையெல்லாம் எடுக்கற நேரம் அது. அவங்க விஷயத்துக்கு கடைசியில வர்றேன், தாண்டிப் போக முடியாது.

எல்சர் இதுக்கெல்லாம் முன்னாடியே மாட்டிட்டாரு. கான்ஸ்டன்ஸ்ல சுவிஸ் எல்லைக்கு 25 மீட்டர் இருக்கறப்போ, 8:45-க்கு, ரெண்டு கஸ்டம்ஸ் காவலாளிங்க புடிச்சாங்க. அப்போ மியூனிக்ல ஹிட்லர் இன்னும் பேசிட்டு இருக்கான், ரேடியோவுல ஓடுது. அந்த எல்லை வழியை எல்சர் ஒரு வருஷம் முன்னாடி பார்த்து வெச்சது, அப்போ காவல் கிடையாது. யுத்தம் வந்த பிறகு காவல் போட்டுட்டாங்க, திரும்பப் போய் பார்த்துக்கலை. தூணுக்கு அவ்வளவு கவனம் குடுத்த மனுஷன் தன் உயிருக்கு அதுல ஒரு பங்கு கூட குடுக்கலை. பையில கம்பி வெட்டற குறடு, வெடிக்கிற சாமானோட துண்டு துக்கடா, அந்த பீர் ஹாலோட ஒரு போஸ்ட்கார்டு. வெடிச்ச செய்தி வந்ததும் அந்தப் போஸ்ட்கார்டே போதுமானதா ஆயிருச்சு.

இந்தக் கேஸ்ல செத்தவங்க கணக்கை ஹால்ல செத்த எட்டு பேரோட நிறுத்தறது சரியில்ல. மறுநாள் நவம்பர் 9, புக்கென்வால்ட் கேம்ப்ல இருந்த 21 யூதக் கைதிகளை இழுத்துட்டுப் போய் பழிக்குப் பழின்னு சுட்டுக் கொன்னாங்க. அவங்களுக்கும் மியூனிக்ல வெடிச்சதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எல்சரைப் பத்தின எத்தனையோ எழுத்துல இந்த 21 பேர் ஒரு வரியாக்கூட வர்றதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

விசாரணை

ஹிட்லருக்கும், நாஜிங்களோட எஸ்.எஸ் படைக்குத் தலைவனான ஹிம்லருக்கும் தொடக்கத்துலேர்ந்தே முடிவு தெரியும்: இது பிரிட்டிஷ் உளவுத்துறை வேலை. நவம்பர் 9-ல ஹாலந்து எல்லையில வென்லோங்கற இடத்துல பெஸ்ட், ஸ்டீவன்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ் உளவு அதிகாரிங்களை எஸ்.எஸ் ஆளுங்க கடத்திட்டு வந்தாங்க, அவங்கதான் பின்னணின்னு பேப்பர்லயும் போட்டாங்க. எல்சரை அடிச்சாங்க, ஹிம்லரே பூட்ஸ் காலால உதைச்சான். பெர்லினுக்குக் கொண்டு போய் நவம்பர் 19லேர்ந்து 23 வரைக்கும் கேள்வி மேல கேள்வி, அதோட பதிவு மட்டும் 200 பக்கத்துக்கு மேல. யார் பணம் குடுத்தா, யார் அனுப்பினா, யார் கடிகாரம் செஞ்சா. அவர் ஒரே பதிலைச் சொன்னாரு. நம்பலைன்னா சாமான் குடுங்கன்னு அந்த அமைப்பை மனப்பாடமா திரும்பச் செஞ்சே காட்டினாரு. விசாரிச்ச போலீஸ்காரங்களுக்கு இவர் சொல்றது உண்மைன்னு புரிஞ்சுது, மேல இருந்தவங்க ஏத்துக்கலை. ஒரு ஜெர்மன் தொழிலாளி, எந்தக் கட்சியும் எந்த வெளிநாடும் தூண்டாம, தானா யோசிச்சு ஹிட்லரைக் கொல்ல முடிவு பண்ணினான்னு ஒத்துக்கிட்டா, மொத்த நாடும் தலைவர் பின்னாடி நிக்குதுங்கற கதை கிழிஞ்சுடும் இல்லையா.

அந்தப் பதிவுல ஒரு இடம் இருக்கு. அந்த வருஷம் அடிக்கடி சர்ச்சுல போய் ஜெபம் பண்ணினேன், ஜெபம் பண்ணினா மனசு அமைதியாகும், நம்ம சர்ச் இல்லன்னா கத்தோலிக்க சர்ச்சுக்குக் கூடப் போவேன்னு சொல்றாரு. செத்த பிறகும் ஆன்மா வாழும்னு நம்பறேன், நல்லதைத்தான் நினைச்சேன்னு மிச்ச வாழ்க்கையால நிரூபிக்க வாய்ப்புக் கிடைச்சிருந்தா சொர்க்கத்துக்குப் போயிருப்பேன்னும் நம்பினேன், என் செயலால இன்னும் பெரிய ரத்தக்களரியைத் தடுக்கத்தானே பார்த்தேன்னு சொல்றாரு. சித்திரவதை பண்ற ஆளுங்க எதிர்ல உக்காந்து, டைப் அடிக்கறவங்க அடிச்சுக்கிட்டே இருக்க, சொன்ன வார்த்தை இதெல்லாம். அதிகம் பேசிப் பழக்கமில்லாத ஒரு மனுஷன் தன் மனசை மொத்தமா தொறந்து வெச்ச ஒரே இடம் அந்த கெஸ்டாப்போ ரூம்தான்.

குடும்பம் பட்ட பாடு

அம்மா, கூடப் பொறந்தவங்க, மச்சான் எல்லாரையும் தூக்கிட்டுப் போனாங்க. 30 மார்க் குடுத்த தங்கச்சியும் அவங்க வீட்டுக்காரரும் ஒரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாங்க. குவாரி முதலாளி வெடிமருந்தை ஒழுங்கா பாதுகாக்கலைன்னு வெல்ஸ்ஹைம் கேம்ப்ல கிடந்தாரு. கோனிக்ஸ்ப்ரான் ஊருக்கே கொலை முயற்சி ஊர்ங்கற அர்த்தத்துல ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு, யுத்தம் முடிஞ்ச பிறகும் ஊர்ல இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. ஒரு ஆளு தைரியமா ஒண்ணு செஞ்சா சர்வாதிகாரி அந்த ஆளோட நிறுத்த மாட்டான், சொந்தக்காரங்க மேலயும் கை வைப்பான், அடுத்தவன் யோசிக்கணும்னுதான். எல்சருக்கு இது தெரியாம இல்ல, அதனாலதான் வீட்டுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. அதுவும் அவங்களைக் காப்பாத்தலை.

எல்சரை உடனே கொல்லலை. பிரிட்டனை ஜெயிச்ச பிறகு உலகம் பார்க்க வழக்கு நடத்தி, பிரிட்டிஷ்காரன் ஏவினதுன்னு நிரூபிக்க சாட்சி வேணும்னு வெச்சிருந்தாங்க. சாக்சன்ஹவுசன் கேம்ப்ல தனி அறை, வேற பேரு, எந்நேரமும் எஸ்.எஸ் காவல். ஒரு தச்சுப் பட்டறை குடுத்தாங்க, அங்க ஒரு ஸிதர் செஞ்சு வாசிச்சுட்டு இருந்தாரு. அஞ்சு வருஷத்துக்கு மேல தனிமை. 1945 ஆரம்பத்துல டாகாவ் கேம்ப்புக்கு மாத்தினாங்க. யுத்தம் தோத்துப் போறது நிச்சயமானதும் அந்த வழக்குக்கு அர்த்தமில்லன்னு ஆச்சு. ஏப்ரல் 5 தேதியிட்ட ஒரு ரகசிய உத்தரவு, கெஸ்டாப்போ தலைவன் முல்லர் அனுப்பினது: அடுத்த விமானத் தாக்குதல்ல செத்த மாதிரி காட்டி முடிச்சுடுங்க. ஏப்ரல் 9 ராத்திரி கேம்ப்ல சுட்டுக் கொன்னு, போட்டிருந்த துணியோட எரிச்சாங்க. கல்லறை கிடையாது. 20 நாள் கழிச்சு ஏப்ரல் 29-ல அமெரிக்கப் படை டாகாவை விடுவிச்சுது.

செத்த பிறகு நடந்தது

கேம்ப்ல தனி அறை, பட்டறை, வாத்தியம், சிகரெட்னு பார்த்த மத்த கைதிங்க இந்த ஆளு நாஜி ஏஜென்டாத்தான் இருக்கணும்னு பேசிக்கிட்டாங்க. ஹிட்லர் தப்பிச்சதை கடவுள் செயல்னு காட்ட அவங்களே நடத்தின நாடகம்னு ஒரு வதந்தி. இதை வெளிய வந்து சொன்னவர்கள்ல ஒருத்தர் மார்ட்டின் நீமொல்லர், ஹிட்லரை எதிர்த்ததுக்காக ஏழு வருஷத்துக்கு மேல கேம்ப்ல இருந்த பாதிரியார், ஜெர்மனியே மதிச்ச ஆளு. 1946-ல எல்சர் எஸ்.எஸ் ஆளுன்னு அவர் மேடையில பேசினாரு. எல்சரோட அம்மா அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டாங்க, அவர் தன் பேச்சை மாத்திக்கலை. நீமொல்லர் தைரியத்தை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா அவ்வளவு பட்ட ஒரு மனுஷனுக்கும் ஒரு தச்சர் சுயமா இதைச் செஞ்சிருப்பாருன்னு நம்ப முடியலைங்கறது சாதாரண விஷயம் இல்ல. ஹிம்லர் பிரிட்டனைக் காட்டினான், இவர் ஹிம்லரையே காட்டினாரு. ரெண்டுலயும் ஒரு கூலிக்காரர் மூளைக்கு இடமே இல்ல.

1960-கள்லதான் அந்த விசாரணைப் பதிவு ஆவணக் காப்பகத்துல வரலாற்று ஆய்வாளர்கள் கையில கிடைச்சுது, 1970-ல புத்தகமா வந்துச்சு, வதந்திக்கு அதோட முடிவு. ஆனா ஏத்துக்கறதுக்கு இன்னும் நேரம் எடுத்துச்சு. 1944 ஜூலை 20-ல ஹிட்லரைக் கொல்ல குண்டு வெச்ச ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க்குக்கும் கூட இருந்த ராணுவ அதிகாரிங்களுக்கும் 1950-கள்லயே நினைவிடம், தெருப் பேரு, அரசு மரியாதை. எல்சர் பேர்ல மியூனிக்ல ஒரு சதுக்கம் வந்தது 1997, அவர் ஊர்ல நினைவகம் 1998, தபால் தலை 2003, பெர்லின்ல நினைவுச் சின்னம் 2011. அந்த பீர் ஹாலை 1979-லயே இடிச்சுட்டாங்க.

அந்த அதிகாரிங்களும் உயிரைக் குடுத்தவங்கதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஒரு தேதியை மட்டும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1939 நவம்பர் 5 பகல்ல ராணுவத் தளபதி பிராவ்ஷிட்ஷ் மேற்கு பக்கம் தாக்குதல் வேணாம்னு ஹிட்லர்கிட்ட சொல்லப் போய், கத்து வாங்கி ஆடிப்போய்த் திரும்பினாரு. அதைக் கேட்டு தலைமை அதிகாரி ஹால்டர், விஷயம் தெரிஞ்சு போச்சோன்னு பயந்து, ஆட்சியைக் கவுக்கறதுக்கு வெச்சிருந்த திட்டத்தையே நிறுத்திட்டாரு. படை, ஆயுதம், ஹிட்லர் இருக்கற ரூமுக்குள்ள போற அனுமதி எல்லாம் அவங்ககிட்ட இருந்துச்சு. அதே நாள் ராத்திரிதான் மியூனிக்ல எல்சர் கடிகாரத்தை முடுக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு பிரான்ஸ் விழலை, சோவியத் மேல படை போகலை, ஆஷ்விட்ஸ் கேம்ப் தொறக்கவே இல்ல.

மரியா ஹென்லே விஷயம்

1999-ல ஜெர்மனியில ஒரு ஆய்வாளர் கேட்டாரு: சம்பந்தமில்லாதவங்க சாவாங்கன்னு தெரிஞ்சும் டைம் பாம் வெச்சுட்டு இடத்தை விட்டுப் போனவரை எப்படி முன்மாதிரின்னு சொல்றது, கடைசி நேரத்துல ஹிட்லர் கிளம்பிட்டான்னா நிறுத்த யாரும் அங்க இல்லையே. பெரிய சண்டை வெடிச்சுது. பெத்தவங்களை ஆஷ்விட்ஸ்ல பறிகொடுத்த வரலாற்று ஆய்வாளர் சவுல் ஃப்ரீட்லேண்டர், அந்த ஆய்வாளர் இருந்த நிறுவனத்தோட ஆலோசனைக் குழுவிலேர்ந்து எதிர்ப்பு தெரிவிச்சு விலகினாரு.

என் கருத்தைச் சொல்லிடறேன். கேள்வி கேட்டது தப்பில்ல. மரியா ஹென்லே பிழைப்புக்கு வேலைக்கு வந்த பொண்ணு, அவங்க சாவுக்கு எல்சர் பொறுப்புதான், பெரிய நோக்கம்னு சொல்லி அதை அழிக்க முடியாது. எல்சரைப் போற்றுற மேடையில அவங்க பேரைச் சொல்லாம விடறவங்க மேல எனக்கு மரியாதை இல்ல. ஆனா அந்த ஆய்வாளர் எடை போட்ட விதத்தை என்னால ஏத்துக்க முடியலை. ஹால்ல கூட இருந்து நிறுத்தியிருக்கணும்னா, புடிபட்டு சித்திரவதையில செத்தாத்தான் தைரியத்துக்கு மதிப்புன்னு ஆகுது, அப்படி ஒரு அளவுகோலை ஸ்டாஃபன்பெர்க் மேல யாரும் வைக்கறதில்ல. அவரும் பெட்டியை மேஜைக்கு அடியில வெச்சுட்டு வெளிய வந்தவர்தான், அதுல செத்த நாலு பேர்ல குறிப்பெழுத வந்த ஒரு ஸ்டெனோகிராஃபரும் உண்டு, ஆனா அந்தச் சாவை வெச்சு ஸ்டாஃபன்பெர்க் தகுதியை யாரும் கேட்கலை. தச்சர்னு வர்றப்போ மட்டும் அனுமதிச் சீட்டு இருக்கா, நிலைமையைச் சரியா புரிஞ்சுக்கற அறிவு இருந்துச்சான்னு கேக்கறாங்க. 1938-ல ஜெர்மனியோட ராஜதந்திரிங்களும் தளபதிங்களும் பார்த்த அதே செய்தியைப் பார்த்து, யுத்தம் வரும்னு சரியாச் சொன்னவர் அவர், அதுக்கு அவருக்கு உதவினது ஃபேக்டரியில வந்த ஆர்டரும் குறைஞ்சு போன கூலியும். அந்தப் புரிதலோட தரத்தைச் சந்தேகப்பட ஆதாரம் எதுவும் அந்த 200 பக்கத்துல எனக்குக் கிடைக்கலை.